குன்னூர் குரங்குகள்

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் போனவர்கள் பக்கத்திலேயே பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டையும் பார்த்திருப்பீர்கள். நாய்க்கடி ஊசிக்குப் பேர்போன இடம். ஆனால், குடல் நோயின் சரித்திரத்திலும் அதற்கு ஒரு பக்கம் உண்டு என்பது தெரியுமா?

1918. ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் அங்கே கொஞ்சம் குரங்குகளை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார். ஒரு பிரிவுக்கு நல்ல சாப்பாடு. இன்னொரு பிரிவுக்கு, அதிக வெப்பத்தில் வேகவைத்து வைட்டமின் சத்தெல்லாம் போன அரிசி!

என்ன ஆச்சு? சத்தில்லாத சோறு தின்ற குரங்குகளுக்குப் பெருங்குடல் வீங்கிப் புண்ணானது. சிலவற்றுக்குச் சீதபேதி. அதே அறையில் இருந்த, நன்றாகச் சாப்பிட்ட குரங்குகளோ ஜம்மென்று இருந்தன. 'கிருமி மட்டும் குற்றவாளி இல்லை... தட்டில் இருப்பதும் கூட்டாளிதான்' என்று மெக்காரிசனுக்குப் புரிந்தது. 1921-ல் இதையெல்லாம் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

இன்று அந்த வேலையைச் சுண்டெலிகள் செய்கின்றன. குடிக்கிற தண்ணீரில் டெக்ஸ்ட்ரான் சல்பேட் என்ற ரசாயனத்தைக் கலந்து கொடுத்தால், சில நாட்களிலேயே ரத்தபேதி, பெருங்குடலில் புண். 1990-ல் ஜப்பானியர்கள் வெளியிட்ட வழி இது. அப்புறம் புது மருந்தைக் கொடுத்து, புண் ஆறுகிறதா என்று பார்ப்பார்கள்.

எலிக்கு ஆறினால் நமக்கும் ஆறுமா? அங்கேதான் சிக்கல். குடலில் அழற்சியைத் தூண்டும் 'இன்டர்லூகின் 17' என்ற பொருளைத் தடுத்தபோது, சில எலி ஆய்வுகளில் நோய் குறைந்தது. வேறு சிலவற்றில் கூடியது! எலிகளே ஒரே குரலில் பேசவில்லை. மனிதர்களிடம் சோதித்தபோதுதான் குட்டு உடைந்தது. அதைத் தடுக்கும் செகுகினுமாப் ஊசி, கிரோன் நோயாளிகளுக்குப் பலன் தரவில்லை. பக்கவிளைவுகள்தான் அதிகம் என்று 2012-ல் முடிவு வெளியானது.

ஆனாலும் எலியை முட்டாள் என்று ஒதுக்கிவிட முடியாது. நோய் எப்படி ஆரம்பிக்கிறது, எங்கே பரவுகிறது என்று காட்டிக்கொடுப்பது அதுதான். கடைசித் தீர்ப்பைச் சொல்ல மட்டும் அதற்கு அதிகாரம் கிடையாது.

அடுத்த முறை 'எலிகளிடம் வெற்றி... குடல் நோய்க்கு மருந்து ரெடி!' என்று செய்தி படித்தால், உடனே டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எலிக்கும் உங்களுக்கும் நடுவே இன்னும் பல வருஷப் பரிசோதனை பாக்கி இருக்கும்!