முல்லை, பிச்சி இரகங்களில் தூண்டப்பட்ட சடுதிமாற்றமும் பூவிலை நோயும்

எக்ஸ் கதிர்கள் மரபுப்பண்புகளை மாற்றவல்லவை என்பதை முல்லர் 1927இல் பழ ஈயிலும், ஸ்டாட்லர் 1928இல் வாற்கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றிலும் நிறுவினர். அலங்காரப் பயிர்களைப் பொறுத்தவரை இம்முறையின் வரலாறு பெரும்பாலும் நிறத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கதிரூட்டிய ரோஜாவிலோ செவ்வந்தியிலோ ஒரு கிளை நிறம் மாறிப் பூத்தால் அது கண்ணில் படும். நோயைத் தாங்கும் கிளையோ நோய் வரும்வரை பிற கிளைகளினின்று வேறுபட்டுத் தோன்றாது. இந்நிலையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முல்லை, பிச்சி இரகங்கள் தனிக்கவனத்திற்குரியவை.

மல்லிகை இனப் பயிர்களைத் தாக்கும் பூவிலை நோயில் பூவின் உறுப்புகள் பசுமையுற்று இலைபோல் ஆகிவிடுகின்றன. எள்ளிலும் இத்தகைய நோய் உண்டு. இதன் காரணி இன்று பைட்டோபிளாஸ்மா எனப்படுகிறது. 1967இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இவ்வகை நுண்ணுயிரிகளை இனங்காணும்வரை இத்தகைய நோய்கள் நச்சுயிரியால் வருவன என்றே நம்பப்பட்டது. நோயுற்ற செடியின் குச்சியை நட்டால் நோயும் உடன் செல்லும். எனவே செடியைப் பிடுங்கி அழிப்பதும், நலமான தாய்ச்செடியைத் தேர்வதுமே உழவரின் தற்காப்பு.

சாகுபடியிலுள்ள மல்லிகை வகைகள் பலவற்றில் விதை பிடிப்பது அரிது. ஆகவே கலப்பினமாக்கத்திற்கு வாய்ப்புக் குறைவு. இருப்பவற்றுள் சிறந்ததைத் தெரிவுசெய்வதே முதல் வழியாயிற்று. இலையில் கம்பளி போன்ற வளர்ச்சியை உண்டாக்கும் நுண்சிலந்தியைத் தாங்கும் பாரிமுல்லை அவ்வழியில் வந்தது. அடுத்த வழி சடுதிமாற்றம். 1988இல் முல்லை கோ 2, 1991இல் பிச்சி கோ 1 இலிருந்து பெறப்பட்ட பிச்சி கோ 2 ஆகியன வெளியிடப்பட்டன. நீண்ட குழலும் பருத்த மொட்டும் இரண்டிற்கும் பொது. இரண்டும் பூவிலை நோயை வயல்நிலையில் தாங்குவன எனக் குறிக்கப்பட்டுள்ளன.

‘வயல்நிலையில் தாங்குதல்’ என்னும் தொடரை ‘எதிர்ப்புத்திறன்’ என மாற்றி எழுதுவது பிழை. நோய் பரவிய சூழலில் செடி பாதிப்புக் குறைந்து நின்றது என்பதே அதன் பொருள். அமெரிக்காவில் வெர்ட்டிசிலியம் வாடல் நோய்க்கு எதிராக ‘டாட்ஸ் மிச்சம்’ என்னும் மிளகுப்புதினா உருவான முறை வேறு. விதையற்ற அப்பயிரைப் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கதிரூட்டி, நோய்க்கிருமி நிறைந்த மண்ணில் நட்டு, பிழைத்தவற்றைத் தேர்ந்தனர். அங்கே நோயே சல்லடையாக அமைந்தது.

முல்லையிலும் பிச்சியிலும் சல்லடை பூவாகவே இருந்திருக்கலாம். வாடல் நோய் வேரின் வழி நுழைகிறது. பூவிலை நோயோ விற்பனைக்குரிய பூவையே அழிக்கிறது. பருத்த மொட்டைத் தேடியவர் பசுமையுற்ற பூவையும் உடன் கழித்திருப்பார். மேலும், கதிரூட்டிய குச்சியில் மாறிய திசுவும் மாறாத திசுவும் கலந்தே வளர்வதால், நிலையான வடிவம் பெறப் பல தலைமுறைகள் மீண்டும் மீண்டும் குச்சி நட்டுத் தெரிவுசெய்ய வேண்டும். அக்காலம் முழுவதும் செடிகள் திறந்த வயலில், நோய்க்கு இலக்காகக்கூடிய நிலையிலேயே நின்றன.