முசுக்கட்டை இலைத் தேநீர்

முசுக்கட்டை இலைத் தேநீர் என்பது மல்பெரி எனப்படும் முசுக்கட்டைச் செடியின் உலர்ந்த இலையை வெந்நீரில் ஊறவைத்துப் பருகும் பானம். தேயிலை கலவாதது, காஃபீன் இல்லாதது. சீனா, ஜப்பான், கொரியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் புழக்கத்தில் உள்ளது. உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகத்தை மட்டுப்படுத்தும் தன்மைக்காக இது அறியப்படுகிறது.

வரலாறு

பட்டுப்புழுவின் உணவான இந்த இலை, சீன மருத்துவத்தில் ‘சாங் யே’ என்ற பெயரில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. ஜப்பானியத் துறவி எய்சாய் 1211இல் எழுதிய ‘கிஸ்ஸா யோஜோகி’ என்னும் நூல், தேயிலையோடு முசுக்கட்டையையும் சிறப்பித்து, ஓயாத தாகம் எடுக்கும் ‘நீர் குடிக்கும் நோய்’க்கு அதைப் பரிந்துரைக்கிறது.

செயல்படும் விதம்

சோற்றிலும் இட்லியிலும் உள்ள மாவுச்சத்தை உமிழ்நீரும் கணையநீரும் மால்ட்டோஸ் போன்ற சிறு சர்க்கரைகளாக உடைக்கின்றன. சிறுகுடல் சுவரிலுள்ள ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதிகள் அவற்றைக் குளுக்கோஸாகப் பிரித்த பிறகே அவை இரத்தத்தில் சேரும்.

இலையிலுள்ள 1-டிஆக்சிநோஜிரிமைசின் (டி.என்.ஜே.) என்னும் சேர்மம் குளுக்கோஸின் சாயல் கொண்டது, அதன் வளையத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் இருக்கிறது. நொதி இதைப் பற்றிக்கொள்வதால் உண்மையான சர்க்கரையை உடைக்கும் வேலை தாமதப்படுகிறது. குளுக்கோஸ் ஒரேயடியாக ஏறாமல் சிறுகச் சிறுகச் சேர்கிறது. நேரடியாகக் குளுக்கோஸையே உட்கொண்டால் இந்தத் தடை பலிக்காது.

அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைகளும் இதே நொதிகளையே தடுக்கின்றன. மிக்லிடால் என்ற மருந்து டி.என்.ஜே.யிலிருந்தே உருவாக்கப்பட்டது.

முசுக்கட்டைக் கொழுந்தைக் கிள்ளினால் கசியும் பாலில் இச்சேர்மம் செறிவாக உள்ளது. பிற புழுக்கள் பலவற்றுக்கு அது நஞ்சு. பட்டுப்புழுவின் செரிமான நொதிகளை அது பெரிதும் தடுப்பதில்லை; ஆகவே பட்டுப்புழு அந்த இலையைத் தின்றே வளர்கிறது.

ஆய்வும் அளவும்

2007இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், டி.என்.ஜே. செறிவூட்டிய இலைப்பொடியை நலமான தன்னார்வலர்கள் உட்கொண்டு, பின்னர் 50 கிராம் சர்க்கரை அருந்தினர். 12, 18 மில்லிகிராம் டி.என்.ஜே. அளவுகளில் இரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் ஏறுவது குறைந்தது. ஆனால் சாதாரண உலர் இலையில் டி.என்.ஜே. சுமார் 0.1 விழுக்காடே இருக்கும். அந்தக் கணக்கில் 2 கிராம் இலை போட்ட ஒரு கோப்பையில் அதிகம் போனால் சுமார் 2 மில்லிகிராமே தேறும். செடியின் வகை, பருவம், கொழுந்தா முற்றலா என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். ஆகவே ஆய்வில் கண்ட பலனை எல்லாக் கோப்பையிலும் எதிர்பார்க்க முடியாது.

நொதியைத் தடுப்பதே இதன் வேலை என்பதால், உணவுக்குச் சற்று முன்போ உணவோடோ பருகினால்தான் பயன் உண்டு. தேநீரில் சர்க்கரையோ வெல்லமோ சேர்ப்பது நோக்கத்தையே கெடுக்கும்.

கவனிக்க வேண்டியவை

செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் நொதிப்பதால் வாயுவும் வயிற்று உப்புசமும் வரலாம். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு தாழக்கூடும். அப்போது வீட்டுச் சர்க்கரை மெதுவாகவே செரிக்கும் என்பதால் குளுக்கோஸ் கொடுப்பதே நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவர் சொல்லாமல் பருக வேண்டாம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பட்டுவளர்ப்புக்காக முசுக்கட்டை பயிராகிறது. தோட்டத்தில் இலை பறிப்போர், அண்மையில் மருந்து தெளிக்கப்பட்டதா என்று கேட்டறிய வேண்டும்.

இந்தத் தேநீர் உணவுக் கட்டுப்பாட்டுக்குத் துணையாகலாம், மருந்துக்கு மாற்றாகாது. பருகத் தொடங்குவோர், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பார்த்துக் குறித்து வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.