வேட்டைக்குப் பேச்சு ஆகாது

எங்க ஏரிக்கரைக்கு டிவி வந்தது 2006க்குப் பிறகுதான். அந்த வருடம் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி. ரேஷன் கார்டு இருக்கிற வீட்டுக்கு மட்டும் என்றார்கள். பெருங்களத்தூரில் நாங்க இருந்த கரையில் பன்னிரண்டு இருளர் வீடு. கார்டு இருந்தது மூணு வீட்டுக்கு. ஆக, மூணு டிவி. அதில் ஒன்றுக்குத்தான் கேபிள் இழுத்திருந்தோம். சாயங்காலமானால் பன்னிரண்டு வீட்டு ஜனமும் அந்த ஒரு வாசலில் உட்கார்ந்திருக்கும்.

2009இல் டிஸ்கவரி சேனல் தமிழில் பேச ஆரம்பித்தது. ஒரு ராத்திரி அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரன் பாம்பு பிடித்தான். வாலைப் பிடித்துத் தூக்கினான், முகத்துக்கு நேரே ஆட்டினான், மூச்சு வாங்க வாங்கப் பேசினான். கொஞ்சம் தப்பினால் செத்துவிடுவேன் என்று காமிராவைப் பார்த்துச் சொன்னான். பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரியவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. தாத்தா பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

“இவன் பாம்பு புடிக்கலடா. பாம்புக்குக் கோவம் வர வெக்கிறான். புடிக்கிறவன் பையில போட்டுக்கினு போயிட்டே இருப்பான். இவன் எதுக்கு ஆட்டறான்?”

சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் பெரியவங்க யாரும் அந்த மாதிரி நிகழ்ச்சிக்கு உட்காருவதில்லை. சீரியல் என்றால் உட்கார்ந்தார்கள்.

காடு தெரியாத ஜனம் அந்தக் காட்சியில் மயங்கி உட்கார்ந்திருந்தபோது, காலமெல்லாம் வேட்டையாடியே வயிறு கழுவினவன் ஏன் எழுந்து போனான்? அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை. வேட்டையைப் பற்றி ராஜா எழுதிவைத்திருக்கிறான், கலெக்டர் எழுதிவைத்திருக்கிறான், தோட்டக்காரத் துரை எழுதிவைத்திருக்கிறான். பிழைப்புக்கு வேட்டையாடினவன் எழுதியது மிகக் கொஞ்சம்.

பெருங்களத்தூர் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் தெரிவது ஜி.எஸ்.டி. ரோடும், தெற்கே போகிற பஸ்ஸுக்காக ராத்திரியில் மூட்டையோடு நின்ற கூட்டமும்தான். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு அந்தக் கூட்டமும் குறைந்துவிட்டது. எங்க தாத்தாவுக்குத் தெரிந்த பெருங்களத்தூர் வேறு. ஊர்ப் பேரிலேயே களம் இருக்கிறது. ஏரிப் பாசனம், நெல்லு, வரப்பு, வரப்பு நிறைய எலி வளை. அந்தாண்டை வண்டலூர்க் காடு. நெல் இருக்கிற இடத்தில் எலி, எலி இருக்கிற இடத்தில் பாம்பு, பாம்பு இருக்கிற இடத்தில் இருளன். ஊர்க்காரன் வயலில் எலி பிடிக்கக் கூப்பிடுவான். மண்பானையில் வைக்கோலும் தழையும் அடைத்து நெருப்பு வைத்து, வளைக்குள் புகை ஊதி எலியைப் பிடிப்பார்கள். எலி சேர்த்து வைத்த நெல்லும் எங்களுக்குத்தான். அதே ஊர்க்காரன் தண்ணி கேட்டால் வாசலுக்கு வெளியே நிற்க வைத்துக் கையில் ஊற்றுவான். வயலுக்குள் வரலாம், வாசலுக்குள் வரக்கூடாது.

வேட்டைக்குச் சில கட்டு இருந்தது. தாத்தா அதைச் சட்டம், தர்மம் என்றெல்லாம் சொன்னதில்லை. “அப்பிடித்தான்” என்பார். வேட்டைக்குக் கிளம்பினால் பேச்சு ஆகாது. கண்ணும் மூக்கும்தான் வேலை செய்யணும். புழுக்கை, உரித்த சட்டை, மண்ணில் இழுத்த கோடு, புல் சாய்ந்த பக்கம், இதையெல்லாம் பார்த்துத்தான் போகணும். முட்டையோடு இருக்கிறதைத் தொடாதே. குட்டி போட்டது என்றால் வளையை மூடிவிட்டு வா. தோண்டின குழியைத் திறந்தபடி விட்டு வராதே. அடிபட்டு ஓடினதை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடாதே, எத்தனை நாழி ஆனாலும் அதன் பின்னாலேயே போ. கிடைத்ததைப் பங்கு வை. வீட்டுக்கு வந்து பெருமை பேசாதே, கன்னியம்மா கேட்டுக்கினு இருப்பா.

இதைச் சொல்வதால் எங்களை ஏதோ காட்டுத் தெய்வங்கள் ஆக்கிவிட வேண்டாம். நாங்களும் கட்டு மீறினோம். அதை மறைத்தால் இது வரலாறு ஆகாது.

தோல் வியாபாரம் இருந்த காலம் அது. சென்னைத் தோல் மண்டிகளுக்குப் பாம்புத் தோல் வேண்டும், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போய்க் கைப்பையும் செருப்பும் ஆகும். இடையில் தரகன். சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் உரித்தோம். முட்டையோடு இருப்பதையும் விடவில்லை. “வயிறு கேக்குது, அப்பறம் பாம்பு என்னா, முட்டை என்னா” என்று தாத்தா அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். தோலுக்கு எங்களுக்குக் கிடைத்தது சொற்பக் காசு. லாபம் மண்டிக்கு. பாவம் மட்டும் எங்க கணக்கில்.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. சட்டம் சரிதான், பாம்பு பிழைக்கணும். ஆனால் மண்டி முதலாளி வேறு தோலுக்கு மாறிக்கொண்டான். வேறு தொழிலுக்கு மாற எங்களிடம் நிலம் இல்லை, கார்டு இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை. 1882 சென்னை வனச் சட்டத்திலிருந்தே காடு சர்க்கார் சொத்தாகிவிட்டது. 1972க்குப் பிறகு நாங்கள் தெரிந்து வைத்திருந்த வேலையே குற்றமாயிற்று. ஓர் உடும்போடு பிடிபட்டால் ஜெயில். கடப்பாரையோடு நடந்து போனாலே சந்தேகம்.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தாம்பரத்துக்குப் பக்கத்தில் சேலையூரில் ரோமுலஸ் விட்டேக்கர் 1970 வாக்கில் ஒரு பாம்புப் பண்ணை வைத்தார். 1972இல் அது கிண்டிக்குப் போனது. அவர் இருளரோடு நடந்து இருளரிடம் கற்றுக்கொண்டவர், அதை ஒளிக்காமல் சொன்னவர். அந்த உறவில்தான் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதியோடு பிடிப்பார்கள். மூணு நாலு வாரம் பானையில் வைத்திருந்து, வாரத்துக்கு ஒரு தடவை நஞ்சு எடுத்து, மறுபடி பிடிபட்டால் தெரிவதற்கு வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்து போனது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருடத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்பு கடித்துச் செத்ததாக ஆய்வு சொல்கிறது. பிழைத்தவர்களில் எத்தனையோ பேர் உடம்பில் எங்க ஆட்களின் வேலை ஓடுகிறது. அதற்கு எந்தச் சாதியும் தீட்டுப் பார்த்ததில்லை.

கொல்லாமல் பிடிப்பது, எடுத்துக்கொண்டு திருப்பி விடுவது. இது வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து போதித்தது அல்ல. தோல் மண்டி நம்மை மீற வைத்த பழைய கட்டு, கூலியோடு திரும்பி வந்தது. அவ்வளவுதான்.

இப்போது டிவிக்கு வருவோம்.

வேட்டையை வேடிக்கையாக்கினது டிவி அல்ல. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேபாளத்தில் பத்து நாள் வேட்டையாடினார். 39 புலி செத்தது. யானைகளை வைத்து வளைத்து, புலியை மன்னர் துப்பாக்கிக்கு எதிரே ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் உள்ளூர் ஜனங்கள். செத்த புலியோடு துரைமார் நிற்கும் படங்கள் நூலகங்களில் இருக்கின்றன. தடம் பார்த்துச் சொன்னவன் படத்தின் ஓரத்தில் இருப்பான், பேர் இருக்காது. ‘ஷிகாரி’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். நம்ம கிண்டியும் ஒரு காலத்தில் வேட்டைக் காப்பிடம்தான். அங்கே துரை சுட்டால் விளையாட்டு. இருளன் கண்ணி வைத்தால் திருட்டு.

அந்தப் போட்டோவுக்குக் கை கால் முளைத்து நடந்து வந்ததுதான் இன்றைய டிவி நிகழ்ச்சி. அதிலும் நடுவில் ஒருத்தன். அதிலும் தடம் பார்த்தவன் ஓரத்தில்.

பொய்யும் பழையதுதான். 1958இல் டிஸ்னி கம்பெனி எடுத்த ஒரு காட்டுப் படத்தில் லெம்மிங் என்ற எலி கூட்டம் கூட்டமாகத் தண்ணியில் விழுந்து தற்கொலை செய்வதாகக் காட்டினார்கள். அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது. எலிகளை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து, படக்குழுவே தள்ளிவிட்டது என்பதை 1982இல் கனடா டிவி வெளியே கொண்டுவந்தது. எலியோடு பிழைத்த எங்களிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்போம், எந்த எலியும் சாகிறதுக்குக் கிளம்பாது. பேர் கிரில்ஸ் என்ற ஆங்கிலேயர், ஆளில்லாக் காட்டில் தனியாகக் கிடப்பதாகக் காட்டின சில ராத்திரிகளில் விடுதியில் தங்கியிருந்தார் என்பது 2007இல் தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் சில காட்சிகள் ஏற்பாடு செய்யப்பட்டவை என்று சேனல் எழுத்துப் போட ஆரம்பித்தது.

அமெரிக்காவில் வேட்டைக்கென்றே தனி சேனல் உண்டு. அங்கே டெட் நியூஜென்ட் என்ற பாட்டுக்காரர், தன் சொந்த டிவி நிகழ்ச்சிக்காக அலாஸ்காவில் கரடி வேட்டையாடினார். முதல் கரடி அம்பு உரசி ஓடிவிட்டது. சில நாளில் இன்னொரு கரடியைக் கொன்றார். அந்தப் பகுதிச் சட்டப்படி ஒருத்தனுக்கு ஒரு கரடி, காயப்பட்டதும் கணக்கில் சேரும். 2012இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். சாட்சி வேறெங்கும் தேட வேண்டியதில்லை, அவர் எடுத்த படமே சாட்சி. அடிபட்டு ஓடினதை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடாதே என்ற தாத்தாவின் கட்டு, அலாஸ்காவில் சட்டமாக எழுதியிருக்கிறது. அதை மீற வைத்தது பசியா? இல்லை. பசிக்கு மீறியவர்கள் நாங்கள். அங்கே காமிரா எதிரே நின்றது.

வேட்டையில் கை தட்ட ஆள் கிடையாது. அதனால்தான் கட்டு என்பது வேட்டைக்காரன் மனசுக்குள் இருந்தாகணும். ஆள் சேர்ந்துவிட்டால் மிருகம் எதிரியாகணும், வேட்டைக்காரன் வீரனாகணும், கடைசியில் விளம்பரம் வரணும்.

2017 ஜனவரி. செங்கல்பட்டுப் பக்கம் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அமெரிக்காவின் புளோரிடா அரசு கூப்பிட்டது. யாரோ வளர்த்துவிட்ட பர்மா மலைப்பாம்பு அந்தச் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்கிருந்த மற்ற பிராணிகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. 2013இல் பரிசு அறிவித்து நடத்திய போட்டியில் சுமார் 1,600 பேர் இறங்கினார்கள், 68 பாம்பு கிடைத்தது. 2016இல் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரு மாதத்தில் 106 பிடித்தார்கள். நம்ம ஆட்கள் போய் எட்டு நாளில் 13 பாம்பு. அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. அங்கத்திய ஆட்கள் பெரும்பாலும் கரைமேல் வண்டியில் போய் வெளியே கிடக்கும் பாம்பைத் தேடினார்கள். இவர்கள் கடப்பாரையோடு புதருக்குள் இறங்கிப் புழுக்கையும் தடமும் பார்த்தார்கள். பெருங்களத்தூர் வரப்பில் தாத்தா பார்த்த அதே பார்வை.

2020இல் அதே புளோரிடா மலைப்பாம்பை வைத்து ஓர் அமெரிக்க சேனல் வேட்டைத் தொடர் எடுத்தது. நாயகர்கள் அமெரிக்கர்கள். சடையனும் கோபாலும் 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். சந்தோஷம். விருது வாங்கிய கை பிடிக்கிற அதே பாம்பை, அனுமதிச் சீட்டு இல்லாத இன்னொரு இருளன் பிடித்தால் கைது என்பதும் அதே நாட்டில்தான்.

பேர் கிரில்ஸோடு பிரதமர் மோடி கார்பெட் காட்டில் நடந்ததை 2019 ஆகஸ்டில் ஒளிபரப்பினார்கள். நம்ம ரஜினிகாந்த் பந்திப்பூர்ப் புலிக் காட்டில் நடந்ததை 2020 மார்ச்சில் பார்த்தோம். அந்தப் பந்திப்பூர், நாகரஹொளே காடுகளிலிருந்துதான் 1970கள் தொடங்கி ஜேனு குறும்பர்களை வெளியேற்றினார்கள், புலிக்குத் தொந்தரவு என்று. படக்குழு வந்தால் புலிக்குத் தொந்தரவில்லை போலிருக்கிறது. காட்டில் உயிர் பிழைப்பது எப்படி என்று காட்டுக்காரனை வெளியே அனுப்பிவிட்டு நமக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

டிவியால் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. முன்னே பாம்பைக் கண்டால் அடித்துக் கொளுத்தின நகரத்து ஜனம் இப்போது போன் போட்டு ஆளைக் கூப்பிடுகிறது. ஏரிக்கரை முழுக்க அடுக்கு மாடி. மழை பெய்தால் பாம்பு பார்க்கிங்குக்கு வந்துவிடும். என் சித்தப்பா மகனைக் கூப்பிடுவார்கள்.

போன ஐப்பசியில் நானும் கூடப் போனேன். கார் அடியில் நல்ல பாம்பு. அவன் குனிந்தான், பிடித்தான், துணிப்பையைத் திறந்தான். எல்லாம் அரை நிமிடம். அதற்குள் நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு, “தம்பி, தம்பி, ஒரு தடவை தூக்கிக் காட்டு, படம் எடுக்கச் சொல்லு” என்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் வாலைப் பிடித்துத் தூக்கி, காமிராவுக்கு நேரே ஆட்டினான். பாம்பு சீறியது. கை தட்டினார்கள். முன்னூறு ரூபாய் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது கேட்டேன், “ஏன்டா ஆட்டினே?”

“சும்மா பையில போட்டா நூறு ரூபா குடுக்கறாங்கண்ணா. ஆட்டினாத்தான் முன்னூறு.”

அன்றைக்குத் தோல் மண்டிக்காரன் செய்த வேலையை இன்றைக்குச் செல்போன் செய்கிறது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். கூட்டுறவுச் சங்கத்தில் சேர இடம் கேட்டுக் காத்திருக்கிறான். அந்த இருநூறு ரூபாய் வித்தியாசத்தை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் அவனுக்கு வேட்டை தர்மம் சொல்ல வருகிறவர்கள், முதலில் செல்போனைச் சட்டைப் பையில் போடட்டும்.

பாம்பைக் காட்டு ஓரமாக விட்டோம். அங்கே யாரும் இல்லை. அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது புல்லுக்குள் போகிறவரைக்கும் நின்றுகொண்டிருந்தோம்.