எண்ணிக்கையும் ஆட்சியும்: வருசநாட்டிலிருந்து ஒரு பார்வை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் பிறந்து, மழைக்காலத்தில் பெருகியும் கோடையில் வெறும் மணலாய்க் காய்ந்தும் வடக்கு நோக்கி இறங்கி வருகிறது மூல வைகை. அதன் கரையிலும் அதனைச் சூழ்ந்த மலையடிவாரத்திலும் வருசநாடு, வாலிப்பாறை, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு எனப் பல ஊர்கள். தமிழக அரசியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தே எழுதத் தொடங்குவர். கோட்டைக்கு வெகு தொலைவிலுள்ள இம்மலையடிவாரத்திலிருந்து அதே வரலாற்றைப் பார்த்தால், வேறு சில உண்மைகள் நமக்குத் தென்படுகின்றன.

வருசநாடு ஆண்டிபட்டி சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. 1984 தேர்தலில், எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோதே இத்தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. 2002 இடைத்தேர்தலிலும் 2006 பொதுத்தேர்தலிலும் ஜெயலலிதா வென்றதும் இங்கேதான். அவர் 2006-இல் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து, அன்றைய அரசைக் குறிக்க விடாமல் பயன்படுத்திய சொல் ஒன்று உண்டு. ‘மைனாரிட்டி அரசு’ என்பதே அது. அச்சொல்லில் ஏளனம் இருந்தது. அந்த ஏளனம் நியாயமானதுதானா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா.

ஒரு சொல்லும் அதன் கணக்கும்

2006 தேர்தலில் 234 இடங்களுள் தி.மு.க. வென்றவை 96. ஆட்சி அமைக்க வேண்டியவை 118. காங்கிரஸ் 34, பாட்டாளி மக்கள் கட்சி 18, மார்க்சிஸ்ட் கட்சி 9, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 6 என்ற தோழமைக் கட்சிகளின் எண்ணிக்கையைச் சேர்த்தால் 163 ஆகும். ஆனால் அக்கட்சிகள் எவையும் அமைச்சரவையில் இடம்பெறவில்லை. வெளியிலிருந்து ஆதரவு தந்தன. ஆகவே அது கூட்டணி அரசும் அன்று, தனிப்பெரும்பான்மை அரசும் அன்று. பிறருடைய இசைவினால் நின்ற ஒரு கட்சி அரசு எனலாம்.

அவ்வரசு கவிழ்ந்ததா? இல்லை. இடையில் பா.ம.க.வும் இடதுசாரிகளும் விலகிச் சென்ற பின்னும் அது ஐந்தாண்டுகளையும் நிறைவு செய்தது. கூட்டுறவு வேளாண் கடன்களைத் தள்ளுபடி செய்ததும், நியாய விலைக் கடைகளில் அரிசியின் விலையைக் குறைத்ததும் அக்காலத்திலேயே. அவ்வாட்சியின் குறைகளைப் பற்றி மக்கள் 2011-இல் தீர்ப்பு வழங்கினர். ஆனால் எண்ணிக்கை குறைந்த அரசு செயலற்ற அரசாகத்தான் இருக்கும் என்ற கருத்தை அவ்வைந்தாண்டுகள் மெய்ப்பிக்கவில்லை.

‘சிறுபான்மை’ என்னும் சொல் நம் செவியில் ஒரு தனிப் பொருளோடு விழுவது இயல்பு. எண்ணிக்கையில் குறைந்தவர் என்பதனால் உரிமையில் குறைந்தவர் ஆகிவிடமாட்டோம் என்பதை நாம் வாழ்வில் அறிந்தவர்கள். ஆகவே அச்சொல்லை வசைச்சொல்லாக ஏற்றுக்கொள்வதற்கு முன் நாமேனும் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

1952: முதல் பாடம்

இந்நிலை தமிழகத்துக்குப் புதியதன்று. வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தலிலேயே இது நேர்ந்தது. அன்றைய சென்னை மாநிலத்தில் ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் அடங்கியிருந்தன. சட்டப்பேரவையின் இடங்கள் 375. விடுதலைப் போராட்டப் பெருமையோடு நின்ற காங்கிரஸ் பெற்றவை 152 மட்டுமே. த. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஓரணியாய்த் திரண்டு ஆட்சி உரிமை கோரின.

ஆளுநர் ஸ்ரீபிரகாசா அழைத்ததோ தேர்தலிலேயே நிற்காத இராஜாஜியை. அவரை மேலவைக்கு நியமன உறுப்பினராக்கி முதலமைச்சராகப் பொறுப்பேற்கச் செய்தார். மக்களைச் சந்திக்காதவர் மக்களாட்சியின் தலைவராவதா என்ற கேள்வி அன்றே எழுந்தது. இன்றும் அக்கேள்விக்கு நிறைவான விடை இல்லை. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி ஆதரவு தந்து அமைச்சரவையில் இடம்பெற்றது. சுயேச்சைகள் சிலரும் சேர்ந்தனர். நம்பிக்கை வாக்கெடுப்பில் 200 பேர் ஆதரவாகவும் 151 பேர் எதிராகவும் வாக்களித்தனர். இராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி பின்னர் 1954-இல் காமராசரின் அமைச்சரவையில் பங்கு பெற்றது.

இவ்வரலாற்றில் நாம் கருத்தூன்ற வேண்டிய பகுதி ஒன்று உண்டு. 1953-இல் இராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டத்தைக் கொணர்ந்தார். ‘குலக்கல்வி’ என்று மக்கள் அதனை எதிர்த்தனர். சொந்தக் கட்சிக்குள்ளேயும் எதிர்ப்பு வலுத்தது. பேரவை அத்திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விட்டது. அடுத்த ஆண்டில் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் திட்டத்தையே கைவிட்டார். அசைக்கவியலாத பெரும்பான்மை கொண்ட ஒரு முதலமைச்சராக அவர் இருந்திருப்பின் பேரவையால் இவ்வாறு தடுத்திருக்க இயலுமா? எண்ணிக்கையின் குறைவு சில வேளைகளில் ஏழையின் பிள்ளைக்கு அரணாகவும் அமைகிறது.

மலைமக்களுக்கு வந்த சட்டம்

சென்னையில் கண்டதைத் தில்லியிலும் காண்கிறோம். 2004-இல் மத்தியில் அமைந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசில் காங்கிரசுக்கு இருந்த மக்களவை இடங்கள் 145. ஏறத்தாழ 60 இடங்கள் கொண்ட இடதுசாரிகள் வெளியிலிருந்து தாங்கினர். ஒரு குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் எழுதப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் ஊரக வேலை உறுதிச் சட்டமும் 2005-இல் வந்தன. வனவாழ் பழங்குடியினர் மற்றும் பிற மரபுவழி வனவாசிகளின் உரிமைகளை ஏற்கும் சட்டம் 2006-இல் நிறைவேறியது.

மூன்றாவதாகச் சொன்ன சட்டத்தின் அருமை வருசநாட்டு மலைமக்களுக்குத் தெரியும். பளியர் குடியிருப்புகளுக்கும், காட்டோரத்தில் தலைமுறைகளாகப் பயிரிட்டு வரும் உழவர்களுக்கும், ‘இந்நிலத்தில் உனக்கு உரிமை உண்டா?’ என்ற கேள்வி அன்றாடக் கேள்வி. 2021-இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பின் அது மேலும் கூர்மையடைந்தது. காடும் காக்கப்பட வேண்டும், காட்டை நம்பி வாழும் மனிதனும் காக்கப்பட வேண்டும். அதற்கான வாதத்தைத் தொடங்க ஒரு சட்டமேனும் கையில் இருக்கிறதென்றால், அது தனித்து நிற்க முடியாத ஓர் அரசின் காலத்தில் பிறந்த சட்டம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. 1993-இல் நரசிம்மராவ் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 265-க்கு 251 என்ற வாக்குகளில் கடந்தது. வாக்களிக்கச் சில உறுப்பினர்கள் பணம் பெற்றனர் என்ற வழக்கு நாட்டையே தலைகுனியச் செய்தது. பணம் பெற்று அவையில் வாக்களித்தவருக்கும் பாதுகாப்பு உண்டென 1998-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பு 2024 மார்ச்சில்தான் ஏழு நீதிபதிகள் அமர்வால் மாற்றப்பட்டது. 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் வீழ்ந்தது. 2008-இல் இடதுசாரிகள் விலகியபின் நடந்த வாக்கெடுப்பின்போது பணக்கட்டுகள் மக்களவைக்குள்ளேயே காட்டப்பட்டன. கூட்டணி என்பது கலந்து பேசும் மேசையாகவும் இருக்கலாம், பேரம் பேசும் சந்தையாகவும் இருக்கலாம். எண்ணிக்கை மட்டுமே அதனைத் தீர்மானிப்பதில்லை.

உறுப்பினர் இல்லாத இருபது மாதங்கள்

இனி நம் பள்ளத்தாக்குக்கே திரும்புவோம். எம்.ஜி.ஆர். மறைந்தபின் 1988 ஜனவரியில் வி.என். ஜானகி முதலமைச்சரானார். கட்சி இரண்டாகப் பிளந்து நின்றது. நம்பிக்கை வாக்கெடுப்பு நாளில் பேரவைக்குள் வன்முறை வெடித்தது, காவலர்கள் உள்ளே நுழைந்தனர். ஜனவரி 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஜெயலலிதா போடிநாயக்கனூரில் வென்றார். ஜானகி ஆண்டிபட்டியில் தோற்றார். கோட்டையில் தீராத வழக்கை இப்பள்ளத்தாக்கு தீர்த்து வைத்தது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அதே சோதனை மீண்டும் வந்தது. 2016-இல் தேனி மாவட்டத்தின் நான்கு தொகுதிகளையும் அ.தி.மு.க. வென்றிருந்தது. ஜெயலலிதா மறைந்தபின் அந்நால்வரும் நான்கு திசைகளில் இழுக்கப்பட்டனர். போடிநாயக்கனூர் உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம் 2017 பிப்ரவரியில் தம் கட்சி அரசையே எதிர்த்து நின்றார். உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டுச் சபைக்கு அழைத்து வரப்பட்ட அவ்வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமி அரசு 122-க்கு 11 என வென்றது. ஆகஸ்டில் பன்னீர்செல்வம் திரும்பி வந்து துணை முதலமைச்சரானார். மறுநாளே 19 உறுப்பினர்கள் முதலமைச்சர்மீது நம்பிக்கையில்லை என ஆளுநரிடம் கடிதம் தந்தனர். அவர்களுள் ஆண்டிபட்டி, பெரியகுளம், கம்பம் உறுப்பினர்களும் இருந்தனர். கம்பம் உறுப்பினர் மனம் மாறித் திரும்பினார். எஞ்சிய 18 பேரைப் பேரவைத் தலைவர் 2017 செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்தார். பிப்ரவரியில் அரசை எதிர்த்து வாக்களித்தே விட்ட 11 பேருக்கு அத்தகைய தண்டனை ஏதும் இல்லை.

இதன் கணக்கை நாம் உற்றுநோக்க வேண்டும். ஓர் இடம் ஏற்கெனவே காலியாக இருந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அப்போது 233 பேர். பெரும்பான்மைக்கு 117 பேர் தேவை. 18 பேரை நீக்கியபின் சபை 215 ஆகச் சுருங்கியது, 108 பேரே போதுமென்றாயிற்று. அரசு புதிதாக ஒருவரின் நம்பிக்கையையும் பெறவில்லை. அளக்கும் படியே சிறியதாயிற்று.

வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2018 ஜூனில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். அப்போது ஆண்டிபட்டியின் தங்க தமிழ்ச்செல்வன், தொகுதி மக்களுக்கு உறுப்பினர் வேண்டுமென்று கூறித் தம் மனுவைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது நினைவுகூரத்தக்கது. அக்டோபரில் மூன்றாம் நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18 அன்று நடந்தது, முடிவு மே 23 அன்று வந்தது. ஆக, ஏறத்தாழ இருபது மாதங்கள் வருசநாட்டுக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை. சாலைக்கும் குடிநீருக்கும் வனத்துறையோடு எழும் சிக்கலுக்கும் மனு எடுத்துச் செல்ல ஓர் உறுப்பினர் இல்லை. கட்சிக்குள் நடந்த சண்டையின் தண்டத்தைக் கட்டியவர் வாக்களித்த மக்களே.

அவர்கள் அளித்த விடை அமைதியானது. அன்று ஒரே நாளில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்குப்பதிவு. தேனி மக்களவைத் தொகுதி அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. அதனுள் அடங்கிய ஆண்டிபட்டியும் பெரியகுளமும் சட்டமன்றத்துக்குத் தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தன. ஆண்டிபட்டியில் உடன்பிறந்த இருவரே எதிரெதிர்க் கட்சிகளில் நின்றனர். அங்கும் மக்கள் குழம்பவில்லை.

நாம் கற்கவேண்டியது

கட்சித்தாவலைத் தடுக்க 1985-இல் அரசமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. 2003-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் உறுப்பினரின் மனச்சான்றைக் கட்சிக் கொறடாவின் கையில் அது ஒப்படைத்தது. தண்டிக்கும் அதிகாரத்தைப் பெரும்பாலும் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரான பேரவைத் தலைவரிடமே வைத்தது. இந்த ஏற்பாட்டை நாடாளுமன்றம் மறுபரிசீலனை செய்யவேண்டுமென 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. செருமனியின் 1949-ஆம் ஆண்டு அரசமைப்பு வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுத்தால்தான் இருக்கும் பிரதமரை நாடாளுமன்றம் நீக்கமுடியும். டென்மார்க்கிலோ சிறுபான்மை அரசுகள் பல பத்தாண்டுகளாக வழக்கமான நிகழ்ச்சியே. அங்கே அதனை யாரும் இழிவாகக் கருதுவதில்லை.

அரசியல் சமூகம் இருப்பது பொதுநலனுக்காகவே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. அந்த அளவுகோலால் அளந்தால், ஓர் அரசின் பக்கம் எத்தனை பேர் என்பது முதற் கேள்வியன்று. தன் பக்கம் இல்லாதவரின் பேச்சையும் அது கேட்கவேண்டிய நிலையில் இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. பிறரிடம் கேட்டுப் பெறவேண்டிய நிலையிலுள்ள அரசு அச்செவியை எளிதில் மூடிவிட முடியாது. எண்ணிக்கை குறைவாக இருப்பது ஓர் அரசுக்கு இழிவன்று. வெற்றிக்காகச் சபையின் எண்ணிக்கையையே குறைப்பதுதான் இழிவு.

அடுத்த முறை ஒரு வேட்பாளர் நம் ஊருக்கு வந்து ‘நிலையான ஆட்சி’ தருவோம் என்று வாக்குக் கேட்கும்போது, நாம் மறுவினா ஒன்று கேட்கலாம்: ‘ஆட்சி நிலைக்கட்டும். ஆனால் அதனை நிலைநிறுத்துவதற்காக எங்கள் ஊரின் குரலை அணைக்கமாட்டீர்கள் என்பதற்கு என்ன உறுதி?’ இருபது மாதங்கள் குரலின்றிக் காத்திருந்த வருசநாட்டு மக்களுக்கு அக்கேள்வியைக் கேட்கும் உரிமை எல்லாரினும் மிகுதியாக உண்டு.