ஆஸ்பத்திரி பேரா, டாக்டர் பேரா?

திருவண்ணாமலை செங்கம் ரோட்டுல ரமணாசிரமத்தைப் பார்த்திருப்பீங்க. 1948 கடைசியில் ரமணருக்கு இடது கையில் சார்கோமா என்ற புற்றுக்கட்டி வந்தது. 1949 ஒரே வருஷத்தில் நாலு ஆபரேஷன். அவர் சென்னைக்குப் போகவில்லை. சென்னையிலிருந்து டாக்டர்கள் ஆசிரமத்துக்கு வந்தார்கள். ரேடியம் வைத்தும் பார்த்தார்கள். 1950 ஏப்ரல் 14 அன்று காலமானார்.

அன்னைக்கு வைத்தியம்னா ஒரு ஆள். பேர் சொல்லித் தேடிப் போற டாக்டர்.

அவங்க யார்? 1946-ல் சர் ஜோசப் போர் கமிட்டி எடுத்த கணக்கு: நாட்டில் பதிவு செய்த டாக்டர்கள் 47,524. அதில் 29,870 பேர் எல்.எம்.பி மாதிரி குறுகிய படிப்பு படித்தவர்கள். இனி எல்லாருக்கும் ஒரே தரம், எம்.பி.பி.எஸ் தான் என்றது கமிட்டி. எல்.எம்.பி மறைந்தது.

அடுத்த திருப்பம் 1983, சென்னை. அப்போலோ ஆஸ்பத்திரி திறந்தது. வைத்தியத்துக்குள் கம்பெனி வந்தது.

பழசெல்லாம் பொற்காலம்னு சொல்ல வரல. அதே கட்டிக்கு இன்னைக்கு எம்.ஆர்.ஐ, பயாப்சி, கீமோ, ரேடியோதெரபினு ஒரு குழுவே வேணும். கோடிக்கணக்கில் மெஷின் வேணும். ஒரு டாக்டரின் கிளினிக் அதைத் தாங்காது. ஆனா முதல் போட்டவர் லாபமும் கேட்பார்.

1995-ல் சுப்ரீம் கோர்ட், காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. எல்லாருக்கும் இலவசமாப் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி அதில் வராது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு என்பது நோயாளி வரும் முன்பே முடிவாகிவிடுகிறது.

இங்கேதான் சிக்கல். வக்கீல், ஆடிட்டர் தொழிலை எடுத்துக்கோங்க. ஒரு லிமிடெட் கம்பெனி கோர்ட்டில் வாதாட முடியாது, ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது. ஆஸ்பத்திரியை மட்டும் கம்பெனி நடத்தலாம், ஷேர் விற்கலாம். நஷ்டஈட்டுக்கு ஆஸ்பத்திரி மேலயும் கேஸ் போடலாம்தான். ஆனா தொழில் ஒழுக்கம் தவறினால் மெடிக்கல் கவுன்சில் கை வைக்க முடிவது டாக்டரின் பதிவில் மட்டும். கம்பெனி மேல் அதற்கு அதிகாரம் இல்லை. முடிவில் பங்கு இரண்டு பேருக்கும். பதிவை இழப்பது ஒருத்தர்.

அதனால ரெண்டு விஷயம் மறக்காதீங்க.

ஒண்ணு: அட்மிட் ஆகும்போது ஆஸ்பத்திரி பேரோட நிறுத்தாம, "எனக்குப் பொறுப்பான டாக்டர் யார், பதிவு எண் என்ன"னு கேளுங்க. சீட்டில் அந்த எண் இருக்கணும்.

ரெண்டு: கேஸ் ஷீட் நகல் எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தரணும். விதி அது, சலுகை இல்லை.

போர்டு எவ்வளவு பெருசா இருந்தாலும், உங்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தாகணும்.