கல்யாண வீட்டு ஸ்பூலில் காருகுறிச்சியார்

2023 நவம்பரில் அமெரிக்காவில் ஓர் இசைத்தட்டு வெளியானது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்கிற கிடார் கலைஞர் 1967 ஆகஸ்ட் 18 அன்று ஹாலிவுட் பவுல் என்ற திறந்தவெளி அரங்கில் வாசித்த கச்சேரி அது. வாசித்து 56 வருடம் கழித்து வெளியே வந்திருக்கிறது. மனிதர் 1970லேயே, 27 வயதில் போய்விட்டார். அவர் வாசித்தது புளூஸ் என்னும் இசையில் வேர்விட்ட ராக். நம் கரிசல்காடு மாதிரியே பருத்தி விளைந்த, அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கறுப்பின மக்களின் பாட்டிலிருந்து பிறந்தது புளூஸ்.

அந்தக் கச்சேரியில் இன்னொரு விசேஷம். அன்றைய கூட்டம் இவருக்காக வந்த கூட்டமே இல்லை. வேறொரு பெரிய பாட்டுக் குழுவுக்காக வந்தவர்கள். இவருடைய முதல் இசைத்தட்டு அமெரிக்காவில் கடைக்கு வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. யாரென்றே தெரியாத ஜனங்களுக்கு முன்னால் ஒருவர் எப்படி வாசித்தார் என்பதை இப்போது உட்கார்ந்து கேட்கலாம்.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தவர் கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலம்தான். கிடாருக்கும் நாயனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டுமே திறந்தவெளியில், பெருங்கூட்டத்துக்கு முன்னால், நேரம் போவது தெரியாமல் வாசிக்கிற சங்கதி. சொல்ல வந்தது அதுகூட இல்லை. கச்சேரியை யார் பதிவு செய்தார்கள், யார் பத்திரமாக வைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

காருகுறிச்சியார் 1921ல் பிறந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். குரு 1956ல் மறைந்தார். சீடர் 1964 ஏப்ரலில். 43 வயதுகூட நிறையவில்லை என்றே சொல்லலாம். 1962ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகி குரலோடு சேர்ந்து அவர் வாசித்த ‘சிங்கார வேலனே தேவா’ தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. ஆபேரி ராகம், சுப்பையா நாயுடு இசை. இன்றைக்கும் கல்யாண வீட்டில் மேளக்காரரிடம் யாராவது ஒருவர் அந்தப் பாட்டைக் கேட்காமல் இருப்பதில்லை.

பாட்டு நல்ல பாட்டுதான், குறை சொல்லவில்லை. ஆனால் காருகுறிச்சியார் என்றாலே அந்தச் சில நிமிடம்தான் என்று ஆகிப்போனது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம் கொள்ளும். ராகத்தை எடுத்து, படிப்படியாக ஏறி, உச்சியில் நின்று இறங்கி வர நாயனக்காரருக்கு ஒரு மணி நேரம்கூடப் போதாது. சாமி புறப்பாட்டில் நான்கு தெரு சுற்றி வருகிற வாசிப்பைத் தட்டில் எப்படி அடைப்பது? தட்டுக்காக வாசிக்கும்போது தவிலையும் அடக்கி வைக்க வேண்டும். அடங்கின தவில் தவிலா?

வானொலி இருந்ததே என்றால், திருநெல்வேலி நிலையம் தொடங்கியதே 1963 இறுதியில். அவர் மறைவதற்குச் சில மாதம் முன்பு. அதுவரை நம் பக்கத்தில் திருச்சியும் இலங்கையும்தான் காதில் விழும். அந்நாளில் ஸ்பூல் நாடா விலை அதிகம். ஒலிபரப்பானதை அழித்துவிட்டு அதிலேயே அடுத்ததைப் பதிவது உலகத்தில் பல நிலையங்களிலும் இருந்த வழக்கம்.

மிச்சம் இருந்தது கல்யாண வீடுகள். வசதியுள்ள சிலர் வீட்டில் ஸ்பூல் டேப் ரிக்கார்டர் இருந்தது. பந்தல் மூலையில் அதை வைத்து, மைக்கை நீட்டிவிட்டால் போதும். ஏழு அங்குலச் சுருளில் 1200 அடி நாடா. மெதுவான வேகத்தில் ஓடவிட்டால் ஒரு பக்கம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே பிடிக்கும். அப்படி வந்த கச்சேரிகள் சில இப்போது இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. பந்தல் இரைச்சல், குழந்தை அழுகை எல்லாம் கலந்து வரும். அதைச் சுத்தம் செய்து எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி நின்றதுதான் நாயனம்.

பசுவந்தனை பக்கம் எங்கள் உறவினர் வீட்டில் அப்படி ஒரு பெட்டி நிறையச் சுருள்கள் இருந்தன. என்ன பதிவு என்று மேலே பென்சிலில் எழுதியிருந்தது. பெரியவர் காலமான பிறகு மிஷினை எடைக்குப் போட்டார்கள். நாடாவை உருவிச் சோளப் புஞ்சையில் குச்சிக்குக் குச்சி கட்டினார்கள். காற்றடித்தால் விர்ரென்று அதிரும், குருவி வராது. அந்த வருஷம் சோளம் நல்ல விளைச்சல் என்று அவர்கள் சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை.

ஹென்ட்ரிக்ஸ் விஷயத்தில், அவருடைய தகப்பனார் வழக்காடி, மகனின் இசை உரிமையை 1995ல் குடும்பத்துக்கு மீட்டார். அதன் பிறகுதான் பழைய ஒலிநாடாக்களை வரிசையாகச் சீர்செய்து வெளியிடுகிறார்கள். நம் நாட்டுச் சட்டம் மேடையில் நிகழ்த்தும் கலைஞருக்கு அதில் ஓர் உரிமை உண்டு என்று ஏற்றதே 1994 திருத்தத்தில்தான். காருகுறிச்சியார் காலத்துக் கல்யாணப் பதிவுக்கு அது எட்டாது. ஆனாலும் அதை விற்பனைக்கு வெளியிடுகிறவர்கள் அவர் குடும்பத்தாரைக் கேட்டு, உரியதைக் கொடுத்துவிட்டுச் செய்வதுதான் முறை. தவில் வாசித்தவர் பெயரையும் அட்டையில் போட வேண்டும். அதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் இதைப் படிக்கிறவர்கள் வீட்டுப் பரணில் சுருள் ஏதும் இருந்தால் ஒரு வார்த்தை. ஆசைப்பட்டுப் பழைய மிஷினில் உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள், அறுந்துவிடும். மோந்து பாருங்கள். காடி வாசனை வந்தால் நாடா சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், தள்ளிப்போட நாள் இல்லை. கடல் காற்றுப் படாத, ஈரமில்லாத இடத்தில், அட்டைப் பெட்டியோடு நிமிர்த்தி வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது. பழைய ஸ்பூல்களைக் கணினிக்கு மாற்றித் தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள். யார் வீட்டுக் கல்யாணம், எந்த வருஷம், கூட வாசித்தது யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே.