தேன்கூடும் நெய்த துணியும்

இன்றைய அரபு உயிரியல் நூல்கள் உயிரணுவைக் 'கலிய்யா' என்று அழைக்கின்றன. தேனீக்கள் குடியிருக்கும் கூடு என்பது அச்சொல்லின் பழம்பொருள். உயிரணுக்கள் பல கூடிய தொகுதியை, அதாவது நாம் திசு என வழங்குவதை, அந்நூல்கள் 'நஸீஜ்' என்கின்றன. நெய்யப்பட்ட துணி என்பது அதன் நேர்ப்பொருள். ஐரோப்பிய மொழிகளிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட திசு என்னும் சொல்லும் நெசவுத் தறியிலிருந்து பிறந்ததே. கூட்டில் தேனீக்கள் பல்லாயிரம், கூடு ஒன்று. துணியில் இழைகள் பல்லாயிரம், துணி ஒன்று. பல எவ்வாறு ஒன்றாகின்றது என்னும் வினாவை இவ்விரு சொற்களும் தம்முள் அடக்கி வைத்திருக்கின்றன.

அவ்வினாவுக்கு அறிஞர் உலகம் விடை தேடிய வரலாற்றில் சில ஏடுகள், சென்னைச் சாந்தோமைச் சுற்றிய சில கல் தொலைவுக்குள்ளேயே எழுதப்பட்டன என்பதை நம்மில் பலர் அறியார். அந்த ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் முன்னோர் கண்ட முறையை நோக்குவோம். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கின்றது. புல்லும் மரமும் தொடுவுணர்வு ஒன்றே உடையவை. நத்தை இனம் சுவையும் சேர்ந்த ஈரறிவு உடையது. கறையானும் எறும்பும் மூவறிவும், நண்டும் தும்பியும் நான்கறிவும் உடையவை. விலங்குகள் ஐயறிவும், மக்கள் ஆறறிவும் உடையவர். இஃது உயிருக்கும் உயிருக்கும் இடையே கட்டிய ஏணி. ஓர் உயிரின் உடலுக்குள்ளே உள்ள படிகளை இது பேசவில்லை.

அந்தப் படிகளைப் பேசியவர் கிரேக்கர். அவர்களுக்குப் பின் அதனை ஒழுங்குபடுத்தித் தந்தவர் இப்னு ஸீனா. கி.பி. 980இல் பிறந்து 1037இல் மறைந்த அம்மாமேதை தமது 'அல்கானூன் ஃபித்திப்' நூலில் உறுப்புகளை 'முஃப்ரத்' என்றும் 'முரக்கப்' என்றும் இரண்டாகப் பிரிக்கின்றார். மத்ரஸாவில் நஹ்வு இலக்கணம் பயின்றவருக்கு இவ்விரு சொற்களும் பழகியவை: தனித்தது, கூட்டியமைத்தது. இறைச்சியில் ஒரு துணுக்கை எடுத்தால் அதுவும் இறைச்சிதான். எலும்பில் ஒரு சில்லை எடுத்தால் அதுவும் எலும்புதான். ஆகவே இவை தனித்தவை. கையில் ஒரு பகுதியை எடுத்தால் அதைக் கை என யாரும் கூறார். முகத்தின் ஒரு பகுதி முகமாகாது. ஆகவே இவை கூட்டியமைத்தவை. இன்று மாணவர்கள் திசு என்றும் உறுப்பு என்றும் பிரித்துப் படிப்பதற்கு இது மிக நெருங்கிய பாகுபாடு. அரிஸ்டாட்டிலும் காலெனும் இதற்கு வழிகாட்டிகள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலிடோ நகரில் கிரெமோனா ஊரினரான ஜெரார்டு இந்நூலை இலத்தீனில் பெயர்த்த பின், பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இது பாடநூலாக விளங்கிற்று.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் நலம். இப்னு ஸீனா உயிரணுவை அறிந்தவர் அல்லர். தனித்த உறுப்புகள் குருதி, கோழை, மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்களிலிருந்து தோன்றுகின்றன என்றே அவர் கருதினார். பிற்காலத்தவர் கண்டவற்றையெல்லாம் நம் முன்னோர் முன்னரே கண்டுவிட்டனர் என மேடைகளில் முழங்குவது முன்னோர்க்குப் பெருமை சேர்ப்பதாகாது. அவர்கள் உண்மையிலேயே ஈந்தது ஒன்று இருக்க, ஈயாத ஒன்றை அவர்கள் பெயரில் எழுதுவது ஏன்? கண்ணுக்கு எட்டியவரை ஒழுங்காகப் பிரித்தறிந்தார்கள் என்பதே போதிய புகழ். கண்ணுக்கு எட்டாததைக் காட்டுவதற்குக் கண்ணாடி வில்லை வரவேண்டியிருந்தது.

அது பதினேழாம் நூற்றாண்டில் வந்தது. 1665இல் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, தேனடையின் அறைகளைப் போன்ற சிறு அறைகளைக் கண்டு அவற்றிற்கு 'செல்' எனப் பெயரிட்டார். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு மருத்துவர் பிஷா, நுண்ணோக்கியை நாடாமலே உடலை இருபத்தொரு வகைத் திசுக்களாகப் பிரித்தார். 1838இல் தாவரங்களுக்கு ஷ்லைடனும், 1839இல் விலங்குகளுக்கு ஷ்வானும், எல்லா உடலும் செல்களால் ஆனது என நிறுவினர். 1855இல் ஃபிர்ஷோ, ஒவ்வொரு செல்லும் மற்றொரு செல்லிலிருந்தே பிறக்கின்றது என்னும் கோட்பாட்டை நிலைநாட்டினார். தக்கைச் சீவலிலிருந்து இக்கோட்பாட்டை எட்ட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

இனிச் சாந்தோமுக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், தோமையரின் அடக்கத் தலத்திற்குக் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வந்து செல்வதாக மார்க்கோ போலோ எழுதி வைத்த ஊர் இது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகேயர் குடியேறிய ஊர். 1896இல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயத்தின் வெண்கோபுரம் இன்றும் கடலைப் பார்த்து நிற்கின்றது. அதன் முன் செல்லும் சாலையில் வடக்கே நடந்தால் மாநிலக் கல்லூரியையும் சென்னைப் பல்கலைக்கழகத்தையும் அடையலாம். தெற்கே சென்று பாலத்தைக் கடந்தால் அடையாறு. அங்கிருந்து மேற்கே திரும்பினால் கிண்டி.

வடக்கே மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்கூடத்திற்குத் தலைமை தாங்கியவர் எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886-1963). இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுபவர் இவர். மற்றவர்கள் முகம் சுளித்து விலகிச் செல்லும் பச்சைக் குட்டைகளையும், மழைக்குப்பின் தேங்கி நிற்கும் நீரையும் இவர் தேடிச் சென்றார். தென்னிந்தியாவில் கூட்டமாக வாழும் வால்வாக்ஸ் இனப் பாசிகளைப் பற்றி 1933இல் இவர் வெளியிட்ட ஆய்வு, உலக அறிஞர்கள் எடுத்தாளும் ஒன்றாயிற்று. யுடோரினா இண்டிகா என்னும் இனத்திற்குப் பெயரிட்டவரும் இவரே.

இப்பாசிகளில் அப்படி என்ன சிறப்பு? ஓருயிரணு பலவுயிரணு ஆவதன் படிகள் அனைத்தையும் ஒரே குட்டையில் வரிசையாகக் காட்டுவதே அவற்றின் சிறப்பு. கிளாமிடோமோனாஸ் ஒற்றை உயிரணு. இரண்டு நீண்ட இழைகளால் நீரைத் துழாவித் தனியே நீந்துகின்றது. கோனியத்தில் பெரும்பாலும் நான்கு முதல் பதினாறு உயிரணுக்கள் ஒரு தட்டுப்போல் சேர்ந்திருக்கின்றன. பாண்டோரினாவிலும் யுடோரினாவிலும் அவை பந்தாகத் திரள்கின்றன. இதுவரை எல்லா உயிரணுக்களும் ஏறக்குறைய சமம். ஒவ்வொன்றும் நீந்தும், ஒவ்வொன்றும் பெருகும். பிளியோடோரினாவில் ஒரு மாறுதல் தோன்றுகின்றது. முன்புறத்துச் சிறிய உயிரணுக்கள் சில, நீந்துவதோடு நின்று, பெருகும் உரிமையைத் துறக்கின்றன. வால்வாக்ஸிலோ ஆயிரக்கணக்கான உயிரணுக்கள். அவற்றுள் சிலவே சந்ததியைத் தோற்றுவிக்கும். எஞ்சியவை பந்தை உருட்டி ஒளியை நோக்கிச் செலுத்திவிட்டு மடிந்துபோகும்.

கூட்டத்திற்கும் உடலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிறக்கின்றது. சேர்ந்திருப்பது மட்டும் உடலாகாது. வேலையைப் பங்கிட்டுக்கொள்வதே உடல். 2010இல் வால்வாக்ஸின் மரபுத்தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. அதில் உள்ள மரபணுக்கள் சுமார் 14,500. ஒற்றை உயிரணுவான கிளாமிடோமோனாஸிலும் ஏறக்குறைய அத்துணையே! ஆயிரம் மடங்கு பெரிய உடலைக் கட்டுவதற்கு ஆயிரம் மடங்கு சரக்கு தேவைப்படவில்லை. இருந்த சரக்கைப் பெரும்பாலும் வேறு முறையில் அடுக்குவதே போதுமானதாயிற்று. இலக்கணம் அறிந்தோர்க்கு இது வியப்பன்று. எழுத்துகள் அவையே; அடுக்கும் முறை மாறினால் சொல் மாறும், சொல்லை அடுக்கும் முறை மாறினால் பொருள் மாறும். எழுத்தைத் தனியே எத்துணை உற்றுநோக்கினாலும் அதனுள் தொடரின் பொருளைக் காண இயலாது.

உயிரணுக்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது? இதற்கு விடை தேடக் கிண்டிக்குச் செல்ல வேண்டும். 1952இல் ஜி.என். இராமச்சந்திரன் (1922-2001) சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் ஜே.டி. பெர்னால், கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என எடுத்துரைத்தார். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தருவது அப்புரதமே. நம் உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவாகும்.

ஆய்வுக்கு வேண்டிய பொருள் அருகிலேயே கிடைத்தது. 1948இல் அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், கங்காரு வாலின் தசைநாணை இராமச்சந்திரனுக்கு அளித்தது. அதன்மீது எக்ஸ் கதிரைச் செலுத்திப் பெற்ற படத்தைக்கொண்டு, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் ஓர் அமைப்பை வெளியிட்டு, 1955இல் அதனைத் திருத்தி நிறைவாக்கினர். மூன்று புரிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு அது. ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச்சிறிய அமினோ அமிலம் நிற்கின்றது. மூன்று புரிகளும் நெருங்கும் நடுவிடத்தில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை. புரிகளைப் பிணைக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை குறித்துக் கிரிக்கும் ரிச்சும் மாறுபட்டனர். ஆயினும் முப்புரிக் கயிறு என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது. 1963இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் வகுத்த 'இராமச்சந்திரன் வரைபடம்' புரத அமைப்பைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றும் பயன்படுகின்றது.

இம்முப்புரிகள் சேர்ந்து நுண்ணிழை; நுண்ணிழைகள் சேர்ந்து இழை; இழைகள் பின்னிப் பிணைந்து தோல். 'நஸீஜ்' என்னும் சொல் வெறும் உவமையன்று என்பது இங்கே மெய்யாகின்றது. இந்நெசவில் ஒரு முடிச்சு தளர்ந்தாலும் உடல் அறியும். உயிர்ச்சத்து 'சி' குறைந்தால் கொல்லாஜன் புரிகள் உறுதி இழக்கும். பழங்காலக் கப்பலோட்டிகளின் ஈறுகள் குருதி கசிந்து, ஆறிய புண்களும் மீண்டும் திறந்துகொண்டது அதனாலேயே.

இச்செய்தி நம் சமுதாயத்திற்கு மிக அண்மையானது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்களிலும் சென்னைப் பெரியமேட்டிலும் எத்துணையோ முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டும் விற்றும் வாழ்ந்தவர்கள். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட அந்தக் கைகள் செய்தது என்ன? பட்டையில் உள்ள துவர்ப்பொருள் கொல்லாஜன் இழைகளிடையே புகுந்து அவற்றைப் பிணைத்து, அழுகலிலிருந்து காத்தது. உயிரணுக்கள் எல்லாம் மடிந்த பின்னும் நிலைத்து நிற்கும் அந்த நெசவையே நாம் தோல் என்று விலைபேசினோம். தொழிலின் கைத்திறம் நம்மிடம் இருந்தது. அதனுள் இருப்பது யாது என்னும் வினா, சில கல் தொலைவில் இருந்த ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கைத்திறமும் வினாவும் ஒரே வீட்டில் பிறக்கக்கூடாது என்பதற்கு எந்த விதியும் இல்லை.

ஒழுங்கு இவ்வாறு கட்டப்படுகின்றது என்றால், அது குலைவதும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அக்குலைவோடு போராடவே எழுந்தது. மனித உடலில் முப்பது இலட்சம் கோடிக்கு மேற்பட்ட உயிரணுக்கள் உள்ளன என மதிப்பிடுகின்றனர். ஒவ்வொன்றும் எப்போது பெருகுவது, எப்போது நிற்பது, எப்போது மடிவது என்னும் கட்டளைக்குக் கீழ்ப்படிகின்றது. அவற்றுள் ஓர் உயிரணு மரபணுப் பிழைகளால் அக்கட்டளையை மீறி, தன் பெருக்கத்தையே கருதத் தொடங்குவது புற்றுநோயின் தொடக்கம். வால்வாக்ஸின் சிறிய உயிரணுக்கள் துறந்த உரிமையை இது திரும்பப் பறித்துக்கொள்கின்றது. அதற்கு ஊட்டம் தருவது அந்த உடலே. உடல் வீழ்ந்தால் அதுவும் உடன் வீழும். இந்நோயுற்றோரைக் குற்றவாளிபோல் நோக்கி ஒதுங்குவோர் இன்னும் உளர். நோய் எவருடைய பாவமும் அன்று, தொற்றுவதும் அன்று. ஒழுங்கில் நேர்ந்த பிழை. முன்கூட்டியே கண்டறிந்தால் திருத்தத்தக்க பிழையாகவும் பல வேளைகளில் அது இருக்கின்றது. வீட்டுப் பெண்கள் மார்பில் தோன்றும் கட்டியை நாணத்தால் மறைத்து மாதங்களைக் கழிப்பதே பேரிடர்.

உயிரணு, திசு, உறுப்பு, மண்டலம், உடல் என ஏறிவந்த படி உடலோடு முடிவதில்லை. உடல்கள் சேர்ந்து ஊர். ஊரும் மரமும் நீரும் சேர்ந்து ஒரு பெரிய அமைப்பு. பாலாற்றங்கரையில் தோல் தொழில் தந்த செல்வம், அதன் கழிவுநீரால் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர்ப் பகுதி மக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கி, தூய்மைக்கேடு செய்தவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்று விதித்தது. ஒரு பகுதி தன் பெருக்கத்தை மட்டும் கருதினால் முழுமைக்கு நேர்வது என்ன என்பதற்கு, உடலுக்கு வெளியே நாம் காணும் சான்று அது.

பார்த்தசாரதி ஐயங்கார் குனிந்து எடுத்தது ஒரு கரண்டி குட்டைநீர். இராமச்சந்திரன் கையில் வாங்கியது ஒரு துண்டு தசைநாண். நம் இல்லங்களில் இவ்விரண்டுக்கும் குறைவில்லை. குர்பானித் தோலை எடைபோட்டு அனுப்பும் நாளில், அருகில் நிற்கும் சிறுவனோ சிறுமியோ "இதற்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், வேலைக்கு இடையூறு என்று விரட்டாதீர்கள். அமர்த்தி விடை சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.